களிமண்ணின் கணக்கு: பேராசிரியர் அ. துரைராஜாவின் ஆய்வும் புசல்லாவை மலைச்சரிவுகளும்

பேராசிரியர் அழகையா துரைராஜாவைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டவை பெரும்பாலும் அவரது எளிமையையே பேசுகின்றன. பொருளாதாரத் தடை நிலவிய காலத்து யாழ்ப்பாணத்தில், துணைவேந்தராக இருந்தும் அவர் சைக்கிளிற் சென்றுவந்தார் என்னும் செய்தி அவற்றிலே தவறாது இடம்பெறும். அச்செய்தி உண்மையானது, நினைவிற்கொள்ளத் தக்கதுமாகும். ஆயின், ஓர் அறிவியலாளரின் சைக்கிளை அறிந்து அவரது அறிவியலை அறியாதிருக்கும் சமூகம், அவரை அடியார் வரிசையில் வைத்துப் பூசித்துவிட்டு அவர் செய்த வேலையைக் கைகழுவிவிடுகின்றது. புராணம் பாடும் பழக்கம் நமது புலமை மரபிலிருந்து இன்னும் முற்றாக நீங்கவில்லை.

துரைராஜா மண்ணை ஆராய்ந்தவர். மண் எந்நிலைவரை தாங்கும், எந்நிலையில் இளகும் என்பதே அவரது ஆய்வின் மையமான வினா. நிலத்தைப் பொறுமைக்கு உவமை கூறுவது நமது இலக்கிய வழக்கு; அப்பொறுமைக்கு ஓர் எல்லையுண்டு என்பதும் அவ்வெல்லை அளவிடத்தக்கது என்பதும் அவரது துறையின் அடிப்படை. அவ்வினாவுக்குக் கேம்பிரிட்ஜிற் கிடைத்த விடை யாது என்பதையும், அவர் கற்பித்த பேராதனையிலிருந்து கம்பளை வழியாக மலையேறும் வீதியில் அமைந்துள்ள புசல்லாவையின் தேயிலைச் சரிவுகளில் அவ்விடையின் பொருள் யாது என்பதையும் நோக்குவதே இக்கட்டுரையின் கருத்தாகும். பொறியியலில் நாம் புறத்தார்; இலக்கிய ஆய்வாளர். எனினும் அறிவு எங்கே உற்பத்தியாகின்றது, யாரிடம் சென்றடைகின்றது என்பது நமது ஆய்வுப் புலத்துக்கு உரிய வினாவேயாகும்.

துரைராஜா 1934 நவம்பர் 10ஆந் திகதி வடமராட்சியிற் பிறந்தவர். பருத்தித்துறை ஹாட்லிக் கல்லூரியிற் கற்று, இலங்கைப் பல்கலைக்கழகத்திற் பொறியியல் பயின்று, 1957இல் முதல் வகுப்பிற் சித்தியெய்தினார். அப்பொழுது பொறியியற் பீடம் கொழும்பிலேயே இருந்தது. 1950இல் அங்கு தொடங்கப்பெற்ற அப்பீடம் 1964இலேயே பேராதனைக்கு இடம்பெயர்ந்தது. அதன்பின் கேம்பிரிட்ஜ் சென்று கலாநிதிப் பட்டத்துக்கான ஆய்வை மேற்கொண்டார். கயோலின் என்னும் வெண்களியினதும் மணலினதும் வழுக்கற் பண்புகள் பற்றியதான அவரது ஆய்வேடு 1961ஆம் ஆண்டுக்குரியது.

இவ்வரலாற்றைத் தனியொருவரின் மதிநுட்பத்துக்கு மட்டும் உரியதாகக் கொள்வது வரலாற்றுப் பார்வையாகாது. ஹாட்லிக் கல்லூரி 1838இல் மெதடிஸ்த மிஷனரிமார் நிறுவியது. வளங்குறைந்த வடபுலத்திலே கல்வியே சொத்தாகவும் உத்தியோகமே விளைச்சலாகவும் அமைந்த ஒரு சமூக உருவாக்கத்தின் வழியாகவே கணிதத்திற் சிறந்த மாணவர் பரம்பரையொன்று அங்கு தோன்றியது. 1945இன் இலவசக் கல்வித் திட்டம் அப்பாதையை மேலும் அகலமாக்கியது. இதே காலத்திற் புசல்லாவையின் நிலை என்ன? தோட்டப் பாடசாலை பெரும்பாலும் ஓராசிரியர் பாடசாலை. சில வகுப்புக்களோடு முடிந்துவிடுவது. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. அப்பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றது 1970களிலும் அதன் பின்னருமே. ஆகவே, 1934இல் டெல்டாத் தோட்டத்திலோ ரொத்சைல்ட் தோட்டத்திலோ பிறந்த ஒரு குழந்தைக்கு எத்துணைக் கணித ஆற்றல் இருந்திருப்பினும், கேம்பிரிட்ஜுக்கான வழி லயக் காம்பிராவின் வாசலிலேயே அடைபட்டிருந்தது. ஒரே மொழி பேசிய இருவேறு வர்க்கங்களின் கதை இது. தமிழர் கல்விப் பெருமை பேசுவோர் இதனை வசதியாக மறந்துவிடுவதுண்டு.

இனி அவரது ஆய்வுக்கு வருவோம். மண் பொறியியலின் தோற்றமே சமூக வரலாற்று மாணவருக்கு ஒரு பாடமாகும். 1931இல் இலண்டன் மாநாடொன்றிற் பொரிஸ் ஹெஸ்ஸன் நியூற்றனின் இயக்கவியலைப் பற்றிக் கூறியது இங்கும் பொருந்தும்: கோட்பாடு தேவைகளிலிருந்து எழுகின்றது. மண்ணின் வலிமைக்கு முதலிற் கணக்கெழுதிய பிரெஞ்சுக்காரரான கூலோம் ஓர் இராணுவப் பொறியியலாளர். மார்ட்டினிக் என்னும் கரும்புக் குடியேற்றத் தீவிற் கோட்டை கட்டியவர். கோட்டையின் பின்னே குவித்த மண் சுவரைத் தள்ளிவிடாதிருக்க வேண்டுமே! 1776இல் அச்சேறிய அவரது கட்டுரை, மண்ணின் வலிமையை ஒட்டுமை, உராய்வு என இரு கூறாக்கிற்று. 1925இற் கார்ல் டெர்சாகி அடுத்த பெரும் படியை எடுத்துவைத்தார். மண் என்பது மணிகளும் அவற்றினிடையே நீரும் சேர்ந்த ஒன்று. மேலிருந்து அழுத்தும் பாரத்தின் ஒரு பகுதியை நீர் தாங்குகின்றது. எஞ்சியதையே மணிகள் தாங்குகின்றன. நீருக்கு உராய்வு இல்லை. எனவே மணிகளுக்கிடையேயுள்ள தகைப்பே மண்ணின் வலிமையைத் தீர்மானிக்கின்றது. நீரின் அமுக்கம் கூடினால் அத்தகைப்புக் குறையும். வலிமையும் அதனோடு குறையும். புசல்லாவைக்கு வரும்போது இதனை மீண்டும் எடுத்துக்கொள்வோம்.

கேம்பிரிட்ஜிற் கென்னத் ரொஸ்கோ தலைமையில் ஆராய்ந்தோர் 1958இல் மற்றொரு கருத்தை முன்வைத்தனர். தளர்வாய்க் கிடக்கும் மண்ணை வழுக்கச்செய்தால் அது நெருங்கிச் சுருங்கும். இறுகிக் கிடக்கும் மண்ணை வழுக்கச்செய்தால் அதன் மணிகள் ஒன்றன்மீது மற்றொன்று ஏறி விரியும். தொடக்கம் எவ்வாறிருப்பினும், தொடர்ந்து வழுக்கினால் இரண்டும் ஒரே முடிவை அடைகின்றன. அந்நிலையில் மண்ணின் கனவளவு மாறாது, தகைப்பும் மாறாது, மண் ஒரு பாய்மம்போலத் திரிந்துகொண்டேயிருக்கும். இதனை மாறுநிலை என்பர்.

முடிவு தெரிந்தது, முடிவுக்குச் செல்லும் பாதையைக் கணக்கில் எழுத இயலவில்லை. துரைராஜாவின் பங்களிப்பு இவ்விடத்திலேதான். அவர் களிமண்ணுக்கு ஒரு வரவுசெலவுக் கணக்கு எழுதினார் எனலாம். மண்மாதிரியை அழுத்தித் திரிக்கும்போது வெளியிலிருந்து அதன்மீது வேலை செய்யப்படுகின்றது. அவ்வேலை வரவு. அதில் ஒரு பகுதி மீள்தன்மைச் சத்தியாக மண்ணிற் சேமிக்கப்படுகின்றது. பாரத்தை நீக்கினால் அது திரும்பி வரும். மற்றப் பகுதி மணிகள் ஒன்றோடொன்று உராய்வதில் விரயமாகின்றது, அது திரும்பாது. நீரை வடியவிட்டுச் செய்த சோதனைகளையும் வடியவிடாது செய்த சோதனைகளையும் எடுத்து, இச்செலவை அவர் கணித்துப் பார்த்தார். அவ்விருவகைச் சோதனைகளும் வெளித்தோற்றத்தில் முற்றிலும் வேறானவை. ஒன்றிற் கனவளவு மாறும், மற்றதில் நீரமுக்கம் மாறும். இருந்தும் விரயமாகும் சத்தி இரண்டிலும் ஒரே எளிய விதிக்குள் அடங்கிற்று. மணிகளின் மீதுள்ள சராசரி அமுக்கம், வழுக்கற் திரிபின் அளவு, ஓர் உராய்வு மாறிலி ஆகிய மூன்றின் பெருக்கமே அது. கனவளவு சுருங்கினாலென்ன, விரிந்தாலென்ன, செலவுக்கணக்கில் அதற்குத் தனி இடமில்லை.

இவ்விதியைக் கொண்டு களிமண் இளகத் தொடங்கும் எல்லையைக் கணிதமுறையில் வருவிக்க முடிந்தது. ரொஸ்கோ, ஸ்கோஃபீல்ட், துரைராஜா ஆகிய மூவரின் பெயரோடும் 1963இல் 'ஜியோடெக்னிக்' ஆய்விதழில் வெளிவந்த கட்டுரை இத்துறையின் அடிக்கற்களுள் ஒன்றாக இன்றும் எடுத்தாளப்படுகின்றது. மாறுநிலையைவிட ஈரமான நிலையிலுள்ள களிகளின் இளகலே அதன் பொருள். 1968இல் ரொஸ்கோவும் பர்லண்டும் அதனைத் திருத்தியமைத்தனர். இன்று அணைகளுக்கும் சுரங்கப் பாதைகளுக்கும் அத்திவாரங்களுக்கும் கணிப்பொறியிற் கணக்கிடுவோர் கையாளும் மண்மாதிரிகளுட் பல இம்மரபிலிருந்து கிளைத்தவை. துரைராஜாவின் இவ்விரயக் கணிப்பே அவ்வளர்ச்சிக்குத் திறவுகோலாயிற்று என்பதை ஸ்கோஃபீல்ட் தமது பிற்கால எழுத்துக்களில் வெளிப்படையாகக் குறித்துள்ளார். கருவியொன்றைச் செய்து காட்டியவரையே கண்டுபிடிப்பாளர் என வழங்கும் பொதுவழக்கு நம்மிடமுண்டு. சிதறிக் கிடந்த சோதனை எண்களுள் ஒழுங்கொன்றைக் காண்பதும் கண்டுபிடிப்பே. அது கருவிகளைவிட நெடுநாள் உழைக்கும்.

பெயரிடல் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். இக்கோட்பாட்டுக்குரிய இலட்சியக் களிக்குக் 'காம் களி' என்று பெயர். அதன் எளிய வடிவமொன்றுக்குக் 'கிரந்தாப் பரல்' என்று பெயர். காம், கிரந்தா என்பன கேம்பிரிட்ஜ் நகரூடாக ஓடும் ஒரே ஆற்றின் இரு பெயர்கள். அவ்வாற்றின் களியிலோ பரலிலோ சோதனை நடந்ததென எண்ணிவிடலாகாது. அவை தாளில் மட்டும் உள்ள பொருள்கள். தாளில் உள்ள பொருளுக்கு எந்த ஆற்றின் பெயரையும் இட்டிருக்கலாம். ஆய்வுகூடம் எங்கிருந்ததோ அந்த ஆறே பெயர்தந்தது. மகாவலிக்கு அவ்வாய்ப்பு இருக்கவில்லை. இதில் எவரையும் குறைகூற இடமில்லை. அறிவின் உற்பத்திச் சாதனங்கள் யார்வசம் இருந்தன என்பதற்கு இதுவொரு சிறு சான்று, அவ்வளவே.

இலங்கை திரும்பிய துரைராஜா பேராதனையிற் குடிசார் பொறியியற் பேராசிரியராகவும் பீடாதிபதியாகவும் விளங்கினார். அவ்வாண்டுகள் அமைதியானவையல்ல. 1970, 71இல் தொடங்கிய தரப்படுத்தலின்படி அப்பீடத்துக்குச் சிங்கள மொழிமூல மாணவர் 227 புள்ளிகளோடும் தமிழ் மொழிமூல மாணவர் 250 புள்ளிகளோடும் அனுமதிக்கப்பட்டனர். 1983 மே மாதத்தில் பேராதனை வளாகத்திலேயே தமிழ் மாணவர் தாக்கப்பட்டனர். அவ்வாண்டு யூலையின் பின்னர் தமிழ்ப் புலமையாளர் பலர் நாட்டைவிட்டு நீங்கினர். உலகின் எந்தப் பல்கலைக்கழகமும் வரவேற்றிருக்கக்கூடிய தகுதியுடைய துரைராஜா இங்கேயே இருந்தார். திறந்த பல்கலைக்கழகத்திலும் பணியாற்றிய பின் 1988இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத் துணைவேந்தரானார். 1974இற் கைலாசபதி தலைவராயிருந்து வளாகமாகத் தொடக்கிவைத்த நிறுவனம் அது. இந்தியப் படையின் காலமும் 1990இல் மீண்டும் மூண்ட போரும், மின்சாரமும் எரிபொருளும் அற்ற நாட்களும் அவரது பதவிக்காலத்தில் அடங்கும். உடற்கூற்றியற்றுறைத் தலைவர் ராஜனி திராணகம 1989 செப்டம்பர் 21இல் சுட்டுக்கொல்லப்பட்டதும் அக்காலத்திலேயே. அத்தகைய சூழலிற் பரீட்சைகளை நடத்திப் பட்டதாரிகளை வெளியேற்றுவதே ஒரு சாதனை. 1994 யூன் 11இல், அறுபது வயது நிறைவதற்குச் சில மாதங்கள் இருக்கையிலே, நோயுற்று மறைந்தார்.

இனிப் புசல்லாவை. பேராதனையிற் பிரியும் வீதி கம்பளையைக் கடந்து புசல்லாவை, இறம்பொடை வழியாக நுவரெலியாவுக்கு ஏறுகின்றது. கண்டி, நுவரெலியா மாவட்டங்கள் சந்திக்கும் இம்மலைப்பகுதி பெருந்தோட்ட முதலாளித்துவத்தின் தொட்டில்களுள் ஒன்று. ரொத்சைல்ட் குடும்பத்தின் உறவினரான வொர்ம்ஸ் சகோதரர் 1840களின் தொடக்கத்தில் இங்கு கோப்பித் தோட்டம் அமைத்தனர். சீனத் தேயிலைக் கன்றுகளையும் நட்டுப்பார்த்தனர். 1869இற் பரவிய இலைநோய் கோப்பியை அழிக்க, தேயிலை அதனிடத்தைப் பிடித்தது. இரு பயிருக்காகவும் மலைக்காடு வெட்டி எரிக்கப்பட்டது. மண்ணைப் பிணைத்திருந்த வேர்கள் உக்கின. மழைத்துளியைத் தடுத்த இலைக்கூரை மறைந்தது. களை முற்றாகப் பிடுங்கப்பட்ட வெற்றுநிலத்திலிருந்து மேன்மண் ஆறுகளுக்குச் சென்றது. முதலாளித்துவ வேளாண்மை மண்ணையும் தொழிலாளியையும் ஒருங்கே வறிதாக்கும் என்று 'மூலதன'த்தின் முதற் பாகத்தில் மார்க்ஸ் கண்ட உண்மைக்கு இச்சரிவுகளைவிடத் தெளிவான உதாரணம் தேடவேண்டியதில்லை. மண்காப்புச் சட்டம் வந்தது 1951இல். அதற்குள் ஒரு நூற்றாண்டு கழிந்திருந்தது.

இம்மலைகளின் மண் கேம்பிரிட்ஜ் ஆய்வுகூடத்தின் வெண்களி அன்று. பழம்பாறை நெடுங்காலம் உக்கி உருவானது. மேலிருந்து சரிந்து அடிவாரத்திலே தங்கிய கல்லும் மண்ணும் கலந்த படைகளும் உண்டு. உலர்ந்த காலத்தில் மணிகளிடையே உள்ள சிறிதளவு ஈரமே அவற்றை இழுத்துப் பிடித்துவைத்திருக்கும். நீர் நிறைந்த களிக்கென எழுதிய விதியை அப்படியே இதன்மீது வைத்தல் பொருந்தாது. துரைராஜாவுக்குப் பின்வந்த ஆய்வாளர் இவ்வேறுபாட்டிலேயே பெரிதும் உழைத்துள்ளனர். ஆனால் மழை நாட்கணக்கிற் பெய்யும்போது நடப்பது அவ்விதியின் எல்லைக்குள் வந்துவிடுகின்றது. முதலில் அந்த ஈரத்தின் இழுவிசை மறைகின்றது. பின்னர் நீரமுக்கம் ஏறுகின்றது. மணிகளுக்கிடையேயுள்ள தகைப்பு இறங்குகின்றது. உராய்வும் அதனோடு இறங்குகின்றது. தளர்வான மண் வழுக்கத் தொடங்கியதும் சுருங்க முயல்கின்றது. இடைவெளி நீருக்கு வெளியேற வழியும் நேரமும் இல்லை. அமுக்கம் மேலும் ஏறுகின்றது. நூறாண்டு அசையாதிருந்த மலைச்சரிவு சில நிமிடங்களிற் சேறாய்ப் பாய்வது இதனாலேதான். மாறுநிலையைவிட ஈரமான மண்ணைப் பற்றிய அந்த 1963ஆம் ஆண்டுக் கட்டுரையின் தலைப்பை, அடைமழை நாளொன்றில் மலையடிவார லயத்திலிருந்து வாசித்தால் அது வேறு பொருள் தரும்.

இவ்வறிவின் ஒரு பகுதி தொழிலாளரிடம் முன்னரே இருந்தது. தோட்டத்திற் கான் வெட்டுதல் என்பது ஒரு தனி வேலை. சரிவுக்குக் குறுக்காகக் கான்களை வெட்டி, மண்டிய மண்ணை அள்ளி, மழைநீரை மலைக்குள் இறங்கவிடாது வெளியே நடத்திச்செல்வர். பொறியியலின் மொழியிற் கூறுவதாயின், கான் வெட்டும் தொழிலாளி நீரமுக்கத்தைக் குறைத்து மணிகளிடையேயுள்ள தகைப்பைக் காப்பாற்றுகின்றான். அவனது நாட்சம்பளக் கணக்கில் இது பதியப்படவில்லை. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் அரசுடைமையான தோட்டங்கள் 1992இல் தனியார் கம்பனிகளின் நிருவாகத்துக்குச் சென்றன. உடனடியாகக் கொழுந்து தராத வேலைகளே செலவுக் குறைப்பின்போது முதலில் வெட்டப்படுவன. கான் வேலை அவற்றுள் ஒன்று.

புசல்லாவைக்கு அருகே, கொத்மலையில், 1979க்கும் 1985க்கும் இடையில் 87 மீற்றர் உயரமான அணையொன்று கட்டப்பட்டது. அணையைச் சூழவுள்ள பாறையையும் மண்ணையும் ஆராய நிதியும் நிபுணரும் வந்தனர், வரவேண்டியதே. அதே மலைகளின் லயங்களுக்கு அத்தகைய சோதனை நடந்ததில்லை. அறிவு இல்லாமையன்று இதற்குக் காரணம். மீரியாபெத்தையே இதற்குச் சான்று. பதுளை மாவட்டக் கொஸ்லந்தைப் பகுதியிலுள்ள அத்தோட்டத்தில் 2014 ஒக்டோபர் 29ஆந் திகதி காலை லயங்கள் மண்ணுட் புதைந்தன. அவ்விடம் ஆபத்தானது, மக்களை அகற்றவேண்டும் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. அகன்று எங்கே செல்வது? தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தும் அம்மக்களுக்கு அம்மலையில் ஒரு பேர்ச் காணிகூடச் சொந்தமில்லை. வேலையை விட்டால் காம்பிரா இல்லை. காம்பிராவை விட்டால் வேலை இல்லை. மண்ணின் இளகலெல்லையை எவ்வளவு நுணுக்கமாக அளந்தாலும், காணியுரிமை இல்லாதவனுக்கு அவ்வளவு ஒரு நகர்வுக்கான வழியாக மாறுவதில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியோடு வந்த மழையின்போது கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களின் மலைகள் எங்கணும் சரிந்தன. நாடு முழுவதிலும் 600க்கு மேற்பட்டோர் இறந்தனர். புசல்லாவை, கொத்மலைப் பிரதேசங்களும் தப்பவில்லை. உரிய நேரத்தில் எச்சரிக்கைகள் தமிழிற் கிடைக்கவில்லை என்ற முறைப்பாடும் அப்போது பரவலாக எழுந்தது.

இம்முறைப்பாடு தமிழ்ச் சங்கமொன்றின் ஆய்விதழுக்கு நேரடியாக உரியது. தகைப்பு, விகாரம், அமுக்கம், மாறிலி முதலிய சொற்கள் இந்நாட்டிற் பாடநூல்களுக்காக ஆக்கப்பட்டுப் பல்லாண்டுகளாக வழக்கில் உள்ளன. பொறியியற் பீடமோ தொடக்கமுதல் ஆங்கிலத்திலேயே கற்பித்து வந்துள்ளது. மறுபுறத்திற் கான், மட்டம், பணிய மலை, லயம் என்று தொழிலாளர் தம் உழைப்பிலிருந்து ஆக்கிய நிலவியற் சொற்றொகுதியொன்று உள்ளது, சி. வி. வேலுப்பிள்ளை போன்றோர் தோட்டப் பாடல்களைத் தொகுத்தபோது அச்சொற்களிற் சிலவும் ஏட்டில் ஏறின. இவ்விரு தொகுதிகளும் இதுவரை ஒரே பக்கத்திற் சந்திக்கவில்லை. நிலத்திற் புதிதாகத் தோன்றும் பிளவு, சாயும் மரம், மூடமுடியாதவாறு இறுகும் கதவுநிலை, திடீரென ஊறும் அல்லது வற்றும் ஊற்று, கலங்கி வரும் தெளிநீர் ஆகியன சரிவுக்கு முன்னறிகுறிகள் எனப் பொறியியலாளர் கூறுவர். ஒவ்வோர் அறிகுறியும் மண்ணுள் நீரமுக்கம் ஏறுவதையோ மண் ஏற்கெனவே வழுக்கத் தொடங்கியதையோ காட்டுவது. லயத்து முதியோரும் இவற்றைக் கண்டிருப்பர், தம் சொற்களிற் கூறியுமிருப்பர். அச்சொற்களைத் தோட்டந் தோட்டமாகக் கேட்டுத் தொகுத்து, துரைராஜாவின் துறைச்சொற்களுக்கு எதிரே வைத்து, பொறியியற் பீடத் தமிழ் மாணவரின் துணையோடு ஒரு சிறு கைந்நூலாக அச்சிடும் பணியைப் புசல்லாவையிலிருந்து தொடங்கலாம். கம்பளை பஸ்ஸில் ஏறினால் அடையக்கூடிய தூரம்தான்.